மேல்வீட்டுப் பையனுக்கும் மற்றவர்களுக்கும்

மேல்வீட்டில் குடியிருக்கிற பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டை மூடி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். "ஆச்சி, நானே சுட்ட ரொட்டி. பாத்துச் சொல்லுங்க" என்றான். விரலால் தட்டினேன். பலகையைத் தட்டினாற்போல் கேட்டது. அறுக்க அரிவாள்மணை வேண்டியிருந்தது. பையன் முகம் வாடிப்போய் நின்றான். பாளையங்கோட்டையில் 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் நான். தப்பு எங்கே என்று கேட்டுவிட்டால் வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு ஒரு தாளில் நாலு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அதை அவன் படம் பிடித்து ஆபீஸ் நண்பர்களுக்கு அனுப்பினானாம். அப்புறம் என் தங்கை பேத்தி கேட்டாள். தாள் ஒரு நோட்டாக வளர்ந்துவிட்டது. அதிலிருந்து எடுத்தவை இவை.

1. ஆசை இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் கடையில் வாங்குங்கள்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்வது ஏதோ புண்ணியம் என்று இப்போது ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. என் அம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள். எட்டுப் பேருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டுக்கல்லில் மாவாட்டினவள் அவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குழவியை நானும் தங்கையும் முறை வைத்துச் சுற்ற வேண்டும். கோயம்புத்தூர் கிரைண்டர் (அதற்கு இன்று புவிசார் குறியீடு உண்டு) எங்கள் வீட்டுக்குள் வந்த அன்று அம்மா அதற்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். ஆட்டுக்கல்லை அதற்கப்புறம் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அது கிணற்றடியில் கிடந்தது. மழைக்காலத்தில் குழியில் தேங்கின தண்ணீரைக் காக்கை வந்து குடிக்கும்.

ஆகவே அந்தக் காலத்துப் பக்குவம் என்று யாராவது உருகினால் பாதிதான் நம்புங்கள். அவளுக்கு அது ஓயாத வேலை. உங்களுக்கு விளையாட்டு. விளையாட்டாக இருக்கிற வரைக்கும்தான் இதில் சுகம் இருக்கிறது. பணம் மிச்சமாகும் என்றும் கணக்குப் போட வேண்டாம். தயிரில், ஊறுகாயில் மிச்சமாகலாம். வெண்ணெயும் முட்டையும் கரண்டும் செலவழித்துச் சுடுகிற கேக்கில் ஒன்றும் மிஞ்சாது.

2. தயிரிலிருந்து தொடங்குங்கள்.

ரொட்டியில் தொடங்கினது பையனுடைய முதல் தப்பு. தயிரில் பெருக்கல் வேலையெல்லாம் பாக்டீரியாவுக்கு, உங்களுக்குக் காத்திருப்பது மட்டும்தான். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சி ஆற விடுங்கள். சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தால், அதே சமயம் இதமான சூடும் தெரிந்தால், அதுதான் பதம். 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அரை லிட்டருக்கு ஒரு சின்னக் கரண்டி உறை மோர் போதும். கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் உறையும், புளித்தும் போகும். ஊற்றிக் கலக்கியபின் பாத்திரத்தை ஆட்டாதீர்கள்.

சித்திரையில் நாலைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழியில் இரவு முழுதும் ஆகும், ஹாட்பேக்குக்குள் வைத்தால் நல்லது. நூல் நூலாக இழுத்தால் உறையில் வேறு பாக்டீரியா கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த உறையை விட்டுவிட்டு பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு உறை இப்படி மூன்று தடவை எதிர்வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. எந்த வீட்டு உறை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

கரண்டியை விட்டு எடுத்தால் வெட்டின மாதிரி நிற்கிற தயிர் ஒருநாள் வரும். அன்றைக்கு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். நானும் காட்டியிருக்கிறேன்.

3. ஒரு மாதம் ஒரே பண்டம்.

திங்கள் கேக், செவ்வாய் பீட்ஸா, புதன் முறுக்கு என்று தாவுகிறவர்களுக்குக் கை படியாது. ஒன்றை எடுத்துப் பத்துத் தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் நோட்டில் தேதி, வெயிலா மழையா, எவ்வளவு நேரம், என்ன ஆனது என்று நாலு வரி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகளிடம் நான் கெஞ்சினதும் இதற்குத்தான். ஐந்தாம் தடவைக்குமேல் நோட்டு தேவைப்படாது, ஆனாலும் எழுதுங்கள்.

4. தராசு ஒன்று வாங்குங்கள்.

எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951இல் வந்தது. தாயாரை விட்டுத் தள்ளி வாழப்போன பெண்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் மாமியாரும் தாயாரும். தலைப்பே ஓர் அறிவுரை என்பேன். பழைய கணக்கு பலம், ஆழாக்கு. இப்போது பார்க்கிற குறிப்பெல்லாம் 'ஒரு கப்'. எந்தக் கப்? அமெரிக்கக் கப் 240 மில்லி. உங்கள் வீட்டு டம்ளர் 200ஆக இருக்கலாம், 150ஆகவும் இருக்கலாம். அதே கப்பில் மைதாவைத் தூவி அளந்தால் ஓர் எடை, அமுக்கி அளந்தால் இன்னோர் எடை. குழம்புக்கு இது பெரிய விஷயமில்லை. கேக்குக்கும் ரொட்டிக்கும் தலைபோகிற விஷயம். சின்ன மின்தராசு போதும். சாம்பாருக்கு உப்பைத் தராசில் போடுகிறவர்களை மட்டும் எனக்குப் பிடிக்காது.

5. மாவு உயிருள்ளது, கடிகாரம் பார்க்காது.

இட்லி அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஒரு சிட்டிகை வெந்தயம். மிக்ஸியானால் மூன்றுக்கு ஒன்று என்று உளுந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது. உளுந்தைப் பஞ்சுபோல் அரைக்க வேண்டும். கொஞ்சம் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரிசி சன்னரவைப் பதம். மாவைப் பொங்க வைப்பதில் முக்கிய ஆள் லூக்கோனோஸ்டாக் என்கிற பாக்டீரியா. அது உளுந்திலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அது விடுகிற கரியமில வாயுவை உளுந்தின் வழவழப்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. இட்லியின் மென்மை அவ்வளவுதான்.

எட்டு மணி நேரம் என்று குறிப்பில் போட்டிருந்தால் அது யாரோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மாதத்தில் ஆன நேரம். பொங்கிவிட்டதா என்று மாவைப் பாருங்கள். பெங்களூரில் இருக்கிற என் தங்கை மகள் மார்கழியில் மாவைப் போர்வைக்குள் வைத்துப் படுக்க வைக்கிறாள். பிள்ளைக்குப் போர்த்தினாளோ இல்லையோ, மாவுக்குப் போர்த்திவிடுவாள்.

6. இப்போது ரொட்டிக்கு வருவோம்.

பையன் செய்த தப்பு இரண்டு. ஈஸ்ட்டைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டான். 60 டிகிரி வந்தால் ஈஸ்ட் செத்துப்போகும், வெறும் தண்ணீர் போதும் நம் ஊருக்கு. இரண்டாவது, மூன்று நிமிடம் பிசைந்துவிட்டுக் கை வலிக்கிறது என்று விட்டுவிட்டான்.

நான் கொடுத்த கணக்கு: மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், எண்ணெய் இரண்டு கரண்டி. பன்னிரண்டு நிமிடம் பிசையுங்கள். முதலில் கையெல்லாம் ஒட்டும், கோபம் வரும், மாவு தூவத் தோன்றும். தூவாதீர்கள். ஏழாம் எட்டாம் நிமிடத்தில் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை முரண்டு பிடித்த மாவு காதுமடல்போல் மிருதுவாகி உள்ளங்கையை விட்டு விலகும். அந்தக் கணத்துக்காகவே நான் வாரம் ஒருமுறை ரொட்டி சுடுகிறேன், ரொட்டி தின்ன அல்ல. ஒரு துண்டைக் கிள்ளி இரு கையாலும் மெல்ல விரித்தால் கிழியாமல் ஜவ்வுபோல் வெளிச்சம் ஊடுருவ வேண்டும்.

மூடி வையுங்கள். வெளிநாட்டுக் குறிப்பில் வெதுவெதுப்பான இடத்தில் வைக்கச் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் மே மாதம் வீடே அடுப்பு. முக்கால் மணியில் மாவு இரட்டிப்பாகிவிடும், ருசி சேர நேரமே இருக்காது. கோடையில் ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, ஐஸ் தண்ணீரில் பிசைந்து, இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் எடுத்து உருட்டி, தட்டில் வைத்து, மறுபடி உப்பவிட்டு 200 டிகிரியில் அரைமணிக்குமேல். வெந்ததா என்று பார்க்க ரொட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டுங்கள். காலிப் பானையின் சத்தம் வந்தால் வெந்துவிட்டது.

சூட்டோடு அறுக்காதீர்கள். உள்ளே இன்னும் நீராவி நகர்ந்துகொண்டிருக்கிறது, அறுத்தால் பசைபோல் இழுக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள். சொல்கிறேனே தவிர, என் வீட்டில் ஓரத்துத் துண்டு அதுவரை மிஞ்சியதில்லை.

கோதுமை மாவில் செய்ய ஆசை என்றால் முதலில் பாதிக்குப் பாதி கலந்து, தண்ணீரைக் கூட்டுங்கள். தவிடு நிறையத் தண்ணீர் குடிக்கும்.

7. அல்வாவை வாங்கிவிடுங்கள்.

திருநெல்வேலிக்காரி சொல்கிறேன். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலம் திறந்தால் வரிசை நிற்கிற இருட்டுக்கடை இருக்கும்போது இதை வீட்டில் கிண்ட என்ன அவசரம்? ஒரே ஒரு தடவை செய்து பார்த்தேன். சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, மூன்று தடவை பால் பிழிந்து, தெளியவிட்டு மேல்நீரை வடித்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு ஒரு மதியம் முழுக்கக் கிளறினேன். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அல்வா சுமார்.

ஆனால் பால் பிழிந்த துணியில் மிஞ்சின சக்கையைக் கழுவிப் பார்த்தபோது கையில் ரப்பர்போல் ஒரு பசை நின்றது. ரொட்டியில் காற்றைப் பிடித்து வைக்கிற குளூட்டன் அதுதான். கோதுமையில் மாவுச்சத்து அல்வாவுக்குப் போகிறது, ரொட்டி அந்தப் பசையை நம்பி நிற்கிறது. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதினது அன்றைக்குத்தான் என் விரலிடுக்கில் ஒட்டியது. அதற்காக வேண்டுமானால் ஒருமுறை செய்யலாம்.

8. கேக்குக்கு முட்டையை எடை போடுங்கள்.

நாலு முட்டையை ஓட்டோடு தராசில் வையுங்கள். அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்கு மைதா. பேக்கிங் பவுடர் ஒரு சின்னக் கரண்டி. இந்தக் கணக்கை எனக்குச் சொன்னது என்னோடு வேலைபார்த்த தமிழ் டீச்சர். டிசம்பர் பிறந்தால் அவர் வீட்டுப் பக்கம் போனாலே கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும். உலர்பழங்களைத் திராட்சை ரசத்தில் நவம்பரிலேயே ஊறப்போட்டுவிடுவார். அவர் அம்மா காலத்தில் சட்டிக்கு அடியிலும் தணல், மூடிமேலும் தணல் வைத்துச் சுட்டார்களாம். அப்புறம் மூடியில் கண்ணாடி வைத்த வட்ட அலுமினிய அவன். எனக்கு அப்போது அதுவும் இல்லை. பழைய குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடேற்றி, சிறுதீயில் முக்கால் மணி நேரம் சுட்டேன். அந்தக் குக்கரை அதற்கப்புறம் பருப்பு வேகவைக்க எடுக்கவில்லை. நீங்களும் எடுக்க வேண்டாம். தண்ணீரில்லாத சூட்டில் குக்கர் வீணாகும். அடிகனமான பழைய சட்டி இருந்தால் அதுவே மேல்.

வெண்ணெயும் சர்க்கரையும் குழைப்பதில்தான் சூட்சுமம். குழைக்கக் குழைக்க வெண்ணெயில் நுண்ணிய காற்றுக்குமிழ்கள் ஏறி நிறம் வெளுக்கும். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் உண்டாக்காது, ஏற்கெனவே இருக்கிற குமிழைப் பெரிதாக்கும். எனவே குழைப்பதில் சோம்பினால் பவுடரைக் கூட்டி ஈடுகட்ட முடியாது. வெயில் காலத்தில் வெண்ணெய் குழையாமல் உருகி எண்ணெயாகிவிடும், உருகினதில் காற்று நிற்காது. விடிகாலை ஐந்து மணிக்கு, பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர்த் தட்டு வைத்துக் குழையுங்கள்.

பேக்கிங் பவுடரும் சமையல் சோடாவும் ஒன்றல்ல. சோடாவுக்குத் தயிரோ எலுமிச்சையோ ஏதாவது புளிப்பு வேண்டும். பவுடருக்குள் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரெட் பேர்டு 1843இல் ஒரு பேக்கிங் பவுடர் செய்தார், மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால். அதற்கு ஆறு வருஷம் முன்னால் அதே மனைவிக்காகத்தான் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடர். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் பழக் கஸ்டர்ட் பரிமாறுகிறவர்களுக்கு அந்த அம்மாளின் ஒவ்வாமைக்கு நன்றி சொல்லத் தெரியாது.

கையில் இருக்கிறதை வைத்துச் செய்யலாமா என்று தயங்குகிறவர்களுக்கு தலச்சேரி மம்பள்ளி பாபுவைச் சொல்வேன். 1880இல் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கினவர். 1883இல் மர்டாக் பிரௌன் என்ற தோட்டத்துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா, பிரெஞ்சு பிராந்தி சேர்த்துச் செய் என்றார். பாபு கொல்லாம்பழத்திலும் வாழைப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் செய்துகொடுத்தார். துரை இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்.

9. காதையும் மூக்கையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெண்ணெய் காய்ச்சும்போது சடசடவென்று பேசும். அது உள்ளே இருக்கிற தண்ணீர் போகிற சத்தம். சத்தம் அடங்கி, நுரை தெளிந்து, அடியில் கசண்டு பொன்னிறமாகிற நேரத்தில் முருங்கை இலை ஒரு கைப்பிடி போட்டு இறக்குங்கள். அரை நிமிடம் தாமதித்தால் கருகல் வாடை. அந்தக் கசண்டில் சுடுசோறும் உப்பும் போட்டுப் பிசைந்து தருகிற உரிமை காய்ச்சினவருக்கு. பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

சீடை வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்க வேண்டாம். உள்ளே அகப்பட்ட ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. மாவை வறுத்துச் சலியுங்கள், வழவழவென்று அழுத்தி உருட்டாதீர்கள், உருட்டினதைத் துணியில் உலர்த்தி ஊசியால் ஒரு குத்து. ஒரு கோகுலாஷ்டமிக்கு எங்கள் அடுப்படிக் கூரையில் எண்ணெய்ப் புள்ளி விழுந்தது. வெள்ளையடித்தும் தெரிகிறது.

10. அதிரசத்தைக் கண்டு பயப்படலாம்.

எல்லாம் சுலபம் என்று சொல்ல மாட்டேன். அரிசியை ஊறவைத்து, ஈரம் முழுக்கக் காயாமல் இடித்து, வெல்லப்பாகு காய்ச்ச வேண்டும். பாகைத் தண்ணீரில் விட்டால் விரலால் திரட்டி உருட்ட வர வேண்டும். இளம்பாகானால் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் பல் போகும். மாவை ஒருநாளாவது ஊறவிட வேண்டும். எனக்கு ஆறாம் தீபாவளிக்குத்தான் சரியாக வந்தது. அதற்குமுன் பிரிந்துபோனதை எல்லாம் கிளறி, தேங்காய் போட்டு, புதுப்பெயர் வைத்துப் பரிமாறினேன். மாமியாருக்குத் தெரியும். சொல்லவில்லை. கல்லான ரொட்டியையும் எறியாதீர்கள்: சன்னமாக அறுத்து மறுபடி சுட்டால் ரஸ்க்.

11. ஈரக் கரண்டி விடாதீர்கள்.

ஊறுகாய், வற்றல், பொடி எதிலும். ஊறுகாயில் பூஞ்சை கண்டால் மேலே வழித்துவிட்டுத் தின்னாதீர்கள், மொத்தமாகக் கொட்டுங்கள். பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வாரக்கணக்கில் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். இதில் விளையாட்டில்லை.

12. வடாம் போடுகிற அன்று லீவு எடுங்கள்.

கத்தரி வெயிலில் ஒரு நாள். ஜவ்வரிசிக் கூழைப் பொழுது விடியுமுன் காய்ச்சி, மொட்டைமாடியில் வேட்டி விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றி, நாலு மூலைக்கும் கல் வைத்து, காக்கைக்குக் கறுப்புக் குடை விரித்து, நிழலில் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள். காவல் காக்கிறேன் என்றால் யாரும் வேறு வேலை சொல்ல மாட்டார்கள். மதியம் பாதி காய்ந்து ஓரம் முறுகி நடு மெதுவாக இருக்கிற வடாமை உரித்துத் தின்னுங்கள். பொரித்ததைவிட அதுதான் ருசி. எண்ணிக்கை குறைந்தால் பழி காக்கைமேல்.

13. முதல் துண்டு வீட்டுக்கு வெளியே போகட்டும்.

டப்பாவை யார் வீட்டுக்குக் கொடுத்தாலும் எங்கள் பக்கம் வெறுமையாகத் திரும்பாது, ஒரு பிடி சீனியாவது வரும். பையனுக்கு நான் தயிர் கொடுத்தனுப்பின தூக்குவாளி மூன்று வாரம் மேலேயே இருந்தது. மறந்துவிட்டான் என்று நினைத்தேன். போன செவ்வாய் ராத்திரி கொண்டுவந்தான். உள்ளே பட்டர் பேப்பரில் ஆறு பிஸ்கட், அவன் சுட்டவை. இரண்டு அடி கருகியிருந்தன. "அந்த ரெண்டையும் எடுத்துரட்டுமா ஆச்சி?" என்றான். கருகினதில் ஒன்றை அதற்குள் நான் கடித்திருந்தேன். வெண்ணெய் நன்றாகக் குழைந்திருந்தது.